பெண்கள் 4

மகளும் மாப்பிள்ளையும் இருப்பது பிலடெல்பியாவுக்குச் சற்று வெளியே. நான் வந்து ஆறு வாரம் ஆகிறது. பேத்தியைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிடுவதையும் வாசலில் இலை கூட்டுவதையும் தவிர வேலை இல்லை. மாப்பிள்ளையின் அம்மா, அதாவது என் சம்பந்திக்கு, 74 வயது. நவம்பரில் முழங்கால் ஆபரேஷன். கத்தி வைப்பதற்கு முன்னால் ஒரு காரியத்தை முடித்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். அவருடைய அப்பா வழியில் அமெரிக்காவில் முதலில் வந்து இறங்கியவர் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். கார் ஓட்ட அவர், பை தூக்க நான். “துணைக்குப் போய்ட்டு வாம்மா” என்று மகள் என்னைக் கிளப்பிவிட்டாள்.

குடும்பப் பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று சம்பந்தி கேட்டுக்கொண்டார். ஜெர்மன் பெயர், தமிழில் சொன்னால் தையற்காரர். ஆகவே நாங்கள் தேடிப் போனவரைத் தையற்காரர் என்றே எழுதுகிறேன். ஆள் உண்மையில் விவசாயி. ஊசி பிடித்ததாக எந்த ஏட்டிலும் இல்லை.

2024 அக்டோபர் 8, செவ்வாய்

காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். மழை பெய்து பத்து நாளுக்கு மேலாகிறது. சோளத்தட்டைகள் காய்ந்து சலசலக்கின்றன. தேர்தல் வேறு. ஒரு வீட்டு வாசலில் ஒரு கட்சிப் பலகை, அடுத்த வீட்டில் எதிர்க்கட்சிப் பலகை. சத்தமே இல்லாமல் நடக்கிற பிரச்சாரத்தை இப்போதுதான் பார்க்கிறேன்.

நாங்கள் போகிற ஊரின் பெயரை நான் லான்-காஸ்டர் என்றேன். “லங்க்கிஸ்டர்” என்று சம்பந்தி திருத்தினார். மயிலாடுதுறையை மாயரம் என்கிற ஊர்க்காரி நான், இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது.

செவ்வாய், வெள்ளி, சனி மட்டும் கூடுகிற சென்ட்ரல் மார்க்கெட்டுக்கு முதலில் போனோம். செங்கல் கட்டடம் 1889-இல் எழுந்தது. அதே இடத்தில் சந்தை 1730-களிலிருந்தே நடக்கிறதாம். ஒரு கடையில் ‘சௌ-சௌ’ என்று எழுதிய பாட்டில்களைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம். கூட்டு வைக்கிற சௌசௌ காயை இங்கே ஊறுகாய் போடுகிறார்கள் என்று நினைத்து ஏழு டாலர் கொடுத்து வாங்கிவிட்டேன். திறந்தால் பீன்ஸ், காலிஃபிளவர், கேரட், சோளமணி எல்லாம் சர்க்கரையும் வினிகரும் கலந்து மிதக்கின்றன. இனிக்கிற ஊறுகாய்! சம்பந்தி அதைக் கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டார். பதிலுக்கு மகள் கட்டிக்கொடுத்த புளிசாதத்தைக் கொடுத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, இதையும் பாட்டிலில் அடைக்கலாமே என்றார்.

விடுதி அறை ஒரு நாளைக்கு 109 டாலர். மனசுக்குள் 84-ஆல் பெருக்கிப் பார்த்துவிட்டு, இனிமேல் பெருக்குவதில்லை என்று முடிவெடுத்தேன்.

இரவு சம்பந்தி தன் கோப்பை விரித்தார். அமெரிக்காவில் 1790-லிருந்து பத்தாண்டுக்கு ஒருமுறை குடிமதிப்பு, அதாவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. எடுத்து 72 வருடம் ஆன பிறகுதான் ஆட்களின் பெயரோடு வெளியிடுவார்கள். அதனால் 1950-ஆம் ஆண்டுக் கணக்கு 2022 ஏப்ரலில்தான் வந்தது. அதில் சம்பந்தியே இருக்கிறார், இரண்டு மாதக் குழந்தையாக. ஒரு வயது ஆகாத குழந்தைகளுக்கு வயசுக்குப் பதிலாகப் பிறந்த மாதத்தை எழுதுவார்களாம். ‘பிப்ரவரி’ என்று கிறுக்கியிருந்த இடத்தை விரலால் தடவிக் காட்டினார். “இங்கேயிருந்து ஒவ்வொரு படியாகக் கீழே இறங்க வேண்டும். நடுவில் ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் வேறு யாருடைய தாத்தா வீட்டிலாவது போய் நிற்போம்.”

அக்டோபர் 9, புதன்

சொன்ன மாதிரியே வேறு ஒருவர் தாத்தா வீட்டில் போய் நின்றோம்.

வரலாற்றுச் சங்கத்து வாசிப்பறை. பை, பேனா, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுப் பென்சிலோடு உள்ளே போக வேண்டும். குளிர் எலும்பில் இறங்கியது. மேசையில் இருந்த வயதான தன்னார்வலர் என் புடவையைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் ஒரு கம்பளிப் போர்வையோடு வந்தார். “எல்லோரும் கேட்கிறார்கள்” என்றார். என்னைத் தவிர அங்கே யாரும் போர்த்திக்கொண்டிருக்கவில்லை.

1880 வரைக்கும் சிரமமில்லை. நடுவில் 1890 மட்டும் கிடையாது. 1921 ஜனவரியில் வாஷிங்டனில் கட்டடத்தின் அடித்தளத்தில் தீப்பிடித்து, எரிந்தது கொஞ்சம், தீயணைத்த தண்ணீரில் ஊறியது மிச்சம். பிறகு அந்த மிச்சத்தையும் அரசாங்கமே அழித்துவிட்டது. ஆறு கோடிக்கு மேற்பட்டவர்களில் இன்று சுமார் 6,000 பேரின் விவரம்தான் மிஞ்சியிருக்கிறது. அதனால் 1880-க்கும் 1900-க்கும் நடுவில் இருபது வருட இடைவெளி. அதற்குள் யாராவது பிறந்து, கல்யாணம் ஆகி, வெளியூர் போயிருந்தால் தேடுகிறவர் பாடு திண்டாட்டம். சம்பந்தி குடும்பத்தார் நல்லவேளை நகரவே இல்லை.

1850-இல் சம்பந்தியின் தாத்தாவுக்குத் தாத்தா 12 வயதுப் பையன். அப்பா, அம்மா, அக்கா, வேலைக்காரப் பெண் என்று வீட்டில் இருந்த அத்தனை பேரின் பெயரும் வயதும் இருந்தது. அதற்கு முன்னால் 1840-க்குப் போனால் எல்லாரும் மாயம். 1790-லிருந்து 1840 வரை எடுத்த ஆறு கணக்கிலும் வீட்டுத் தலைவரின் பெயரை மட்டும் எழுதினார்கள். மற்றவர்கள் எண்ணிக்கைதான்.

1790-ஆம் ஆண்டுத் தாளில் ஐந்தே பத்தி: 16 வயதுக்கு மேற்பட்ட வெள்ளை ஆண்கள், அதற்குக் கீழுள்ள பையன்கள், வெள்ளைப் பெண்கள், மற்ற சுதந்திர மனிதர்கள், அடிமைகள். அச்சிட்ட படிவம்கூட அரசாங்கம் கொடுக்கவில்லை. கணக்கெடுத்தவர்கள் கைக்குக் கிடைத்த தாளில் தாங்களே கோடு போட்டுக்கொண்டார்கள். முடிந்ததும் பட்டியலை அந்தப் பகுதியில் இரண்டு பொது இடங்களில் ஒட்ட வேண்டும், விட்டுப்போனவர்கள் சொல்லட்டும் என்று. நம்மூர்ப் பள்ளிக்கூடத்துச் சுவரில் வாக்காளர் பட்டியல் ஒட்டுவது நினைவுக்கு வந்தது.

தையற்காரரைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று பதினொரு மணிக்குக் கை குலுக்கிக்கொண்டோம். மூன்று மணி வரை அந்த ஆளின் நிலவரி, மாடு, குதிரை எல்லாவற்றையும் எழுதி எடுத்தோம். அப்புறம்தான் வரிப் பட்டியலில் அவர் சாராயக்கடை நடத்தியது தெரிந்தது. நம்ம ஆள் இல்லை. ஜெர்மன்காரர்கள் வீட்டில் அண்ணன் தம்பி எல்லோருக்கும் முன்னால் யோஹான் என்று ஒட்டிவிடுவார்கள், கூப்பிடுவது இரண்டாவது பெயரைச் சொல்லி. யோஹான்னஸ் என்று முழுசாக இருந்தால் மட்டும் அதுவே கூப்பிடுகிற பெயர். கணக்கெடுத்தவர் ஆங்கிலம் பேசுகிறவராக இருந்தால் எல்லாரையும் ஜான் என்று எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். குடும்பப் பெயருக்கும் அதே கதி. ஒரே குடும்பத்தை மூன்று எழுத்துக்கூட்டலில் எழுதியிருக்கிறார்கள். சில பேர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தே வைத்துக்கொண்டார்கள்.

நாலரை மணிக்குச் சரியான ஆள் அகப்பட்டார், பக்கத்து டவுன்ஷிப் (நம்மூர் ஊராட்சி மாதிரி) தாளில். ஆண்கள் 2, பையன்கள் 3, பெண்கள் 4. நான்காம், ஐந்தாம் பத்திகளில் ஒன்றும் இல்லை. சம்பந்தி அந்தக் கடைசிப் பத்தியைத்தான் முதலில் பார்த்தார். மூச்சை விட்டார். ஆனால் இரண்டு வரி மேலே இன்னொரு வீட்டில் அந்தப் பத்தியில் 1 என்று இருந்தது. பென்சில்வேனியா 1780-லேயே படிப்படியாக அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் போட்டது. ஏற்கெனவே அடிமையாக இருந்தவரை அது விடுவிக்கவில்லை. பிறகு பிறந்த குழந்தையும் 28 வயது வரை உழைக்க வேண்டும். அந்த ‘1’ ஆணா பெண்ணா என்றுகூடத் தாளில் தெரியாது. சம்பந்தி அந்த வரியையும் குறித்துக்கொண்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

என் கண் மட்டும் ‘பெண்கள் 4’ என்ற இடத்திலேயே நின்றது. ஒருத்தி மனைவியாக இருக்கலாம். மற்ற மூன்று பேர் மகள்களா, மாமியாரா, வேலைக்கு வந்தவளா? ஆண்களையாவது 16 வயதில் பிரித்தார்கள். சண்டைக்கு எத்தனை பேர் தேறுவார்கள் என்று தெரிய வேண்டுமே. பெண்களுக்கு அந்தக் கோடுகூட இல்லை. சம்பந்திக்கு ஆள் கிடைத்த சந்தோஷம். எனக்கு அந்த நாலில் ஒருத்தியின் பெயராவது தெரிய வேண்டும் போல இருந்தது.

அக்டோபர் 10, வியாழன்

இன்று கோயில் ஏடுகள். (எங்கள் பக்கத்து லுத்தரன் கிறிஸ்தவர்களுக்குச் சர்ச் எப்போதும் கோயில்தான்.)

காலையில் சிற்றுண்டிக்குச் ‘ஸ்கிராப்பிள்’ என்று ஒன்று. பன்றியை வெட்டி மிஞ்சிய துண்டுகளைச் சோளமாவில் வேகவைத்து, கட்டியாக்கி, வில்லை போட்டுப் பொரிக்கிறார்கள். மேலே மொறுமொறு, உள்ளே கொழகொழ. மிளகு தூக்கலாக இருந்ததால் தப்பித்தேன்.

தையற்காரர் குடும்பம் லுத்தரன் என்று சம்பந்திக்குத் தெரியும். ஞானஸ்நான ஏட்டின் நுண்படச் சுருளை 1770-லிருந்து 1795 வரை சுற்றினோம். பழைய ஜெர்மன் கையெழுத்து. ‘என்’னும் ‘ஈ’யும் ‘யூ’வும் எல்லாம் ஒரே வேலிக்கம்பு மாதிரி நிற்கிறது. இரண்டு மணி நேரத்தில் தலை சுற்றியது. ஒன்றும் இல்லை.

போர்வைப் பெரியவர்தான் வழி சொன்னார். “அந்தக் கோயில் இரண்டு சபைக்கும் பொது. லுத்தரன் ஒரு ஞாயிறு, சீர்திருத்த சபை ஒரு ஞாயிறு. மற்ற ஏட்டைப் பார்த்தீர்களா?” போதகர்கள் குறைவாக இருந்த காலம். எந்தப் போதகர் குதிரையில் வந்து சேர்ந்தாரோ அவரிடம் குழந்தையைக் கொடுத்துவிடுவார்களாம்.

மற்ற ஏட்டில், இருபதாவது நிமிடத்தில், இருந்தது. 1777 அக்டோபர் 12, ஞாயிறு. அப்பா பெயர், அவருடைய மனைவி பெயர், குழந்தை பெயர், பிறந்த நாள், ஞானஸ்நானத்துக்குச் சாட்சியாக நின்ற ஞானத்தாய் தகப்பன் பெயர். இரண்டு வாரத்துக்கு முன்னால்தான், பிலடெல்பியாவைப் பிரிட்டிஷ் படை பிடிக்க வர, அமெரிக்கக் காங்கிரஸ் ஓடிவந்து செப்டம்பர் 27 அன்று லான்கஸ்டரில் ஒரே ஒரு நாள் கூடிவிட்டு ஆற்றைத் தாண்டிப் போயிருக்கிறது. நாடே அல்லோலகல்லோலப்பட்ட மாதம். யாரோ ஒரு போதகர் உட்கார்ந்து, மை தொட்டு, ஒரு விவசாயி மனைவியின் பெயரை எழுதியிருக்கிறார்.

பெயரைச் சம்பந்தி வாய்விட்டுப் படித்தார். இரண்டாம் முறை மெதுவாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஆனால் பிறந்த வீட்டுப் பெயர் இல்லை. ‘மனைவி’, அப்புறம் கிறிஸ்தவப் பெயர், அவ்வளவுதான். ஞானத்தாய் தகப்பனாக நின்ற தம்பதியின் பெயர் எனக்கு எங்கோ பார்த்தது போல இருந்தது. நேற்றைய பிரதியை எடுத்துப் பார்த்தேன். 1790 தாளில் தையற்காரருக்கு அடுத்த வரி! அக்கம்பக்கத்தார். “பெரும்பாலும் மனைவியின் அண்ணன் தம்பியைத்தான் நிறுத்துவார்கள்” என்றார் பெரியவர், “பெரும்பாலும்” என்பதை அழுத்தி. தாய்மாமன் மடியில்தான் மொட்டை போடுவோம், காது குத்துவோம் என்று எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னேன். சம்பந்தி அதையும் கோப்பில் எழுதப் போனார். அது ஆதாரமாகாது என்று நானே தடுத்தேன்.

அக்டோபர் 11, வெள்ளி

கல்லறைத் தோட்டம். ஊருக்கு வடக்கே, சோளக்காட்டுக்கு நடுவில். வழியில் கார் வைத்துக்கொள்ளாத ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் குதிரைவண்டிக்குப் பின்னால் பத்து நிமிடம் ஊர்ந்தோம். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. வண்டியின் பின் ஜன்னலில் ஒரு குழந்தை எங்களையே பார்த்துக்கொண்டு வந்தது. படம் எடுக்கக் கைபேசியைத் தூக்கினேன். சம்பந்தி என் கையை மெதுவாகக் கீழே இறக்கினார். அவர்களுக்குப் படம் எடுப்பது பிடிக்காது.

சாலையோரத்தில் ஆளில்லாத கடை. பூசணி, ஆப்பிள் பாகு, பக்கத்தில் காசு போட ஒரு தகரப் பெட்டி. ஆப்பிள் பாகு ஆறு டாலர். சில்லறை இல்லாமல் பத்து போட்டேன். மீதி எடுக்கப் பெட்டியில் வழியில்லை. நாலு டாலருக்குப் பூசணி எடுத்துக்கொள்ளலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே சம்பந்தி காரைக் கிளப்பிவிட்டார்.

தையற்காரரின் கல் இடுப்பளவு உயரம், மணற்கல், ஜெர்மன் எழுத்து. பாசி படிந்திருந்தது. நான் தண்ணீரை ஊற்றி டிஷ்யூ தாளால் தேய்க்க ஆரம்பித்ததும் சம்பந்தி போட்ட சத்தத்தில் காக்கைகள் பறந்தன. தேய்த்தால் எழுத்து உதிர்ந்துவிடும். கைப்பையிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து, வெயிலைக் கல்லின் பக்கவாட்டில் அடித்துக் காட்டினார். சாய்வாக ஒளி விழுந்ததும் எழுத்தெல்லாம் குழி விழுந்து எழும்பி வந்தது. இறந்தது 1811 மார்ச் 9. வயது 62 வருடம், 5 மாதம், 14 நாள்.

பிறந்த தேதியைக் கல்லில் போடாமல், வாழ்ந்த நாளைக் கணக்குப் போட்டு எழுதுவது அந்தக் காலப் பழக்கம். நான் விரல்விட்டுப் பின்னோக்கி எண்ணி 1748 செப்டம்பர் 23 என்றேன். சம்பந்தியிடம் ஒரு சூத்திரம் இருக்கிறது: இறந்த தேதியை எட்டு இலக்கமாக எழுதி, வயதை ஆறு இலக்கமாகக் கழித்து, அதிலிருந்து 8870-ஐயும் கழிக்க வேண்டும். அவருக்கு வந்தது செப்டம்பர் 25. கல்லறையில் நின்றுகொண்டு இரண்டு நாளுக்காக கால் மணி நேரம் சண்டை. கடைசியில் புரிந்தது. சூத்திரம் எல்லா மாதத்துக்கும் 30 நாள் என்று வைத்துக்கொள்கிறது, நடுவில் 28 நாள் பிப்ரவரி வந்துவிட்டது. முப்பத்தோரு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவளிடமா!

பக்கத்தில் ஒரு கல் முழங்கால் உயரத்தில் ஒடிந்து நின்றது. மேல்பாதி இல்லை. கீழ்ப்பாதியில் ‘மாதம்’, ‘நாள்’ என்ற சொற்கள் மட்டும். அவளாக இருக்கலாம், வேறு யாராகவும் இருக்கலாம். சம்பந்தி முட்டி மடங்காமல் குனிய முடியாமல் நின்றார். நான் உட்கார்ந்து புல்லை விலக்கிப் பார்த்தேன். எறும்புப் புற்றுதான்.

அக்டோபர் 12, சனி

திரும்புகிற வழியில் டிராப் என்ற ஊர். 1743-இல் கட்டிய லுத்தரன் கோயில் அப்படியே இருக்கிறது. சொல்லி வைத்திருந்ததால் ஒருவர் திறந்து காட்டினார். கல் கட்டடம், வெளியிலிருந்து பார்த்தால் களஞ்சியம் மாதிரி. உள்ளே பலகை இருக்கைகள், நிமிர்ந்து உட்காரச் சொல்லி முதுகைக் குத்துகின்றன. இன்றுவரை குளிர்காலத்துக்குக் கணப்பு வசதி கிடையாது என்றார்.

கட்டியவர் ஹென்றி மெல்கியோர் மூலன்பர்க் ஐயர் (போதகரை எங்கள் பக்கம் ஐயர் என்போம்). 1742-இல் ஹாலேயிலிருந்து அனுப்பப்பட்டு வந்தவர் என்று காட்டியவர் சொன்னதும் நான் நிறுத்தினேன். எந்த ஹாலே? ஜெர்மனியில் பிராங்கேயின் அனாதை இல்லம் இருந்த ஹாலேயா? ஆமாம் என்றார்.

நான் பொறையாற்றில் பிறந்தவள். எட்டிப்பிடித்தால் தரங்கம்பாடி. 1706-இல் சீகன்பால்க் ஐயர் வந்து இறங்கியதும், 1718-இல் புதிய எருசலேம் ஆலயம் கட்டியதும், ஹாலேயில் தமிழ் எழுத்துகளை வார்த்துக் கப்பலில் அனுப்பியதும் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம். அதே ஹாலே ஒரு பக்கம் எங்கள் ஊருக்கும் இன்னொரு பக்கம் இந்தச் சோளக்காட்டுக்கும் ஆள் அனுப்பியிருக்கிறது. இரண்டு ஊரிலிருந்தும் போன அறிக்கைகளை அங்கே அச்சடித்திருக்கிறார்கள். திறந்து காட்டியவரிடம் நான் தரங்கம்பாடியைப் பற்றி மூச்சுவிடாமல் அரை மணி நேரம் பேசியிருக்கிறேன். அவர் கைக்கடிகாரத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. என்ன மரியாதை.

பின்பக்கம் மூலன்பர்க் ஐயரின் கல்லறை. லத்தீனில் ஒரு வாசகம்: இவர் யார், எத்தகையவர் என்பதை வருங்காலம் கல் இல்லாமலே அறியும். அதையும் ஒரு பெரிய கல்லில்தான் வெட்டியிருக்கிறார்கள். சம்பந்திக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

இரவு தம்பியைக் கூப்பிட்டேன், அங்கே ஞாயிறு காலை, கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அப்பாயியின் ஞானஸ்நானப் பதிவை ஏட்டில் பார்த்துச் சொல்லடா என்றேன். “எந்த வருஷம்னு சொல்லுக்கா, பாக்குறேன்” என்றான். 1911-ஆ, 1913-ஆ? யோசித்தால் அப்பாயியின் அம்மா பெயரே எனக்குத் தெரியவில்லை.

அக்டோபர் 14, திங்கள்

ஞாயிறு முழுக்கத் தூங்கினேன். இன்று மறுபடி ஒன்றரை மணி நேரம் காரோட்டி லான்கஸ்டர். தையற்காரரின் உயில் ஏதாவது இருக்குமா என்று பார்க்க. உயிலில் மனைவிக்கு எந்த அறை, எத்தனை மாடு, வருடத்துக்கு எவ்வளவு கோதுமை என்றெல்லாம் எழுதுவார்களாம். கல்யாணமான மகள்களின் பெயரும் வரும். நாலு பெண்களும் ஒரே தாளில் கிடைத்துவிடலாம்.

அலுவலகம் பூட்டியிருந்தது. கொலம்பஸ் நாள் விடுமுறை. இந்த நாட்டிலேயே பிறந்து 74 வருடம் இருந்தவருக்கும் நினைவில்லை, நாள்காட்டியைத் தினம் கிழிக்கிற எனக்கும் தெரியவில்லை. வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தவர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த தெருச் சாப்பாட்டுக் கடையில் கோழி பாட் பை நன்றாக இருக்கும் என்றார். பை என்றால் மூடி போட்ட பலகாரம் என்று நினைத்தேன். இந்த ஊரில் அது குழம்பு. சதுரம் சதுரமாக வெட்டிய மாவுத்துண்டு, உருளை, கோழி. ஒரு கிண்ணம் 12 டாலர். மிளகுத்தூள் டப்பாவில் பாதியைக் கொட்டிக்கொண்டேன்.

சம்பந்தி குடும்ப வரைபடத்தை மேசையில் விரித்தார். தையற்காரரின் பக்கத்துக் கட்டம் இத்தனை வருடமும் காலியாக இருந்தது. அவள் கிறிஸ்தவப் பெயரைப் பேனாவால் எழுதினார். ஞானத்தகப்பன் வீட்டுப் பெயரை அதற்குப் பின்னால் பென்சிலால் மெல்லிசாக எழுதி, ஒரு கேள்விக்குறி போட்டார். குழம்பு ஒரு சொட்டு பட்டுவிடாமல் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டே, “வியாழக்கிழமை திறந்திருக்கும்” என்றார்.

புளிசாதத்தை இந்தத் தடவை நானே கிளறிக் கட்டிக்கொள்கிறேன் என்றேன்.